விசுவமடுச் சூட்டுக்குள் ரைசன் 5600ஐ ஓவர்குளொக் செய்யலாமா?

புழுதிவீதி:

வணக்கம் எல்லோருக்கும். நான் விசுவமடுவில் வீட்டோடு ஒட்டிய ஒரு சின்ன அறையில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, எது வந்தாலும் எடுப்பேன். இந்த ஆவணி முகூர்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் நான்கு வீட்டு வேலை மேசையில் குவிந்து கிடக்கிறது, பொம்பிளை வீட்டார் ஒரு நாளைக்கு மூன்று தரம் போன் எடுத்து "தம்பி, லண்டனுக்கு அனுப்ப வேணும், முடிஞ்சுதோ" என்று கேட்கிறார்கள், இந்த மெசினோ ஒரு மணிநேர வீடியோவை ரெண்டர் பண்ண, அதாவது எடிட் செய்ததை ஒரே கோப்பாக்கி எடுக்க, கிட்டத்தட்ட ஒரு மணிநேரம் எடுக்கிறது.

மெசின் இதுதான்: ஏஎம்டியின் ரைசன் 5 5600 புரொசசர், நான்கு ரேம் ஸ்லொட் உள்ள பி450 மதர்போட், 8 ஜிபி இரண்டாக 16 ஜிபி டிடிஆர்4 3200, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட், புரொசசர் பெட்டிக்குள் வந்த கூலர், கேசிங்கோடு வந்த 500 வாட் பவர் சப்ளை. இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு கடையில் பொருத்தித் தந்தார்கள், அதற்குப் பிறகு நான் மூடியைத் திறந்ததே இல்லை.

யூடியூப்பில் ஒருவர் ஓவர்குளொக் என்று சொல்லி, அதாவது கடையில் வந்த வேகத்துக்கு மேலே ஓட்டி, இதே புரொசசருக்கு 1.4 வோல்ட் கொடுத்து எல்லாக் கோரையும் (உள்ளே உள்ள கணிப்பு அலகுகள்) 4.7 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிக் காட்டுகிறார், பார்க்க ஐந்து நிமிட வேலை போல இருக்கிறது. ரேமையும் 3600க்குக் கொண்டுபோகலாமாம். ஆனால் என் அறைக்குத் தகரக் கூரை, பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே 36 பாகை நிற்கும். புரொசசர் எரிந்தால் இன்னொன்று வாங்க இப்போது கையில் காசில்லை. அம்மா வேறு, "ஓடுற மெசினை ஏன் நோண்டுறாய்" என்கிறா. பத்திரமாகச் செய்யும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாலுதசம்ஏழு:

மச்சான் பயப்படாதே, செய். நான் வவுனியாவில் 5600எக்ஸ் வைத்திருக்கிறேன், எல்லாக் கோரும் 4.7, வோல்ட்டேஜ் 1.35, ஒரு வருடம் தாண்டிவிட்டது, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பயோஸுக்குள் (மெசின் எழும்பும்போது திறக்கும் செட்டிங் பக்கம்) போய் மல்டிபிளையரை, அதாவது வேகப் பெருக்கெண்ணை, 47 என்று போடு, வோல்ட்டேஜை மனுவலாக்கு, சேவ் பண்ணு, முடிந்தது கதை. விண்டோஸ் வராவிட்டால் கொஞ்சம் வோல்ட்டேஜ் கூட்டு. பேரைப் பார்த்தாலே தெரியும்தானே, நான் இதில் அனுபவக்காரன்.


கச்சான்பொதி:

தம்பி புழுதிவீதி, மேலே உள்ளவர் சொன்னதை இப்போதைக்கு ஒரு பக்கம் வையும். நான் கிளிநொச்சியில் திருத்துவேலை செய்கிறவன், ஓவர்குளொக் என்று வெளிக்கிட்டு வருகிற மெசின்களில் பாதி, கடையில் கொடுத்த வேகத்துக்கே ஒருநாளும் ஓடாத மெசின்கள். வண்டில் மாட்டின் கட்டை அவிழ்க்காமல் சவுக்கை எடுக்கிற கதை.

ஆகவே முதலில் நான் கேட்பதைப் பார்த்துச் சொல்லும். டாஸ்க் மனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தால் வேகம் என்று ஒரு எண் இருக்கும், அது எவ்வளவு? மூடியைத் திறந்து பாரும், ரேம் இரண்டும் எந்த எந்த ஸ்லொட்டில் இருக்கின்றன? எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, மத்தியானத்தில் ஒரு ரெண்டரை ஓடவிட்டுப் புரொசசரின் சூடும் கோர்களின் வேகமும் எங்கே நிற்கின்றன என்று எழுதும். யூபிஎஸ் இருக்கிறதா? கடைசியாக ஒன்று, சிரிக்க வேண்டாம்: வெறுங்காலோடு நின்று கேசிங்கின் இரும்பைத் தொட்டால் விறுவிறு என்று ஏதாவது தெரிகிறதா?


புழுதிவீதி:

அண்ணை, பார்த்துவிட்டு வருகிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வேகம் 2133 என்று காட்டுகிறது. பெட்டியில் 3200 என்று எழுதியிருக்கிறது! ரேம் இரண்டும் புரொசசருக்குப் பக்கத்தில் உள்ள முதல் இரண்டு ஸ்லொட்டிலும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. கூலரைப் பற்றி என்ன சொல்ல, புழுதி கம்பளி மாதிரி படிந்து கிடக்கிறது, எங்கள் வீதி இன்னும் கிரவல்தானே, சோழகம் தொடங்கினால் வீட்டுக்குள் சோற்றுக்கோப்பையிலும் புழுதிதான். ஒரு பல்லி முட்டையும் இருந்தது. ரெண்டர் ஓடும்போது சூடு 90 பாகையில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, வேகம் 3.8க்கும் 3.9க்கும் நடுவில் ஆடுகிறது. யூபிஎஸ் 650 விஏ ஒன்று இருக்கிறது.

கேசிங் ஓம், விறுவிறுக்கும். எல்லா மெசினும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.


கச்சான்பொதி:

எல்லா மெசினும் அப்படி இல்லை ராசா. அது எர்த் இல்லாத வீடு, அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி வைத்திருக்கிறீர். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் கொண்டென்சர்கள் கொஞ்சக் கரண்டை கேசிங்குக்குக் கசிய விடும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும், இல்லாவிட்டால் உம்முடைய கையால் போகும். முதல் செலவு அதுதான், ஒரு வயரிங்காரரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரியாகப் போடும். ஐப்பசி இடி தொடங்க முதல் செய்தால் நல்லது.

இனி வேகக் கதை. டிடிஆர்4 ரேமுக்கு ஒரு சானல், அதாவது புரொசசருக்குப் போகும் பாதை, 64 பிட், அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். உம்முடைய இரண்டு துண்டும் ஒரே சானலில் இருக்கின்றன. 2133ஐ 8ஆல் பெருக்கும், செக்கனுக்கு 17 ஜிபி வரும். அதே ரேமை இரண்டு சானலிலும் ஒவ்வொன்றாகப் போட்டு 3200இல் ஓடவிட்டால் 51 ஜிபி. மூன்று மடங்கு பாதையைப் பூட்டி வைத்துவிட்டு 4.7 பற்றிக் கனவு காண்கிறீர். காகிதக் கணக்கு என்பதால் ரெண்டர் மூன்று மடங்கு கெதியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பவர் வயரைக் கழற்றிவிட்டு ரேமைப் புரொசசரில் இருந்து எண்ண இரண்டாவது, நான்காவது ஸ்லொட்டில் போடும். நான்கு ஸ்லொட் மதர்போட்களில் பெரும்பாலும் அதுதான் சோடி, கையேட்டிலும் ஒருக்கால் பாரும். பிறகு பயோஸில் எக்ஸ்எம்பி என்று ஒரு தெரிவு இருக்கும், ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்துக்கு ஓடவிடுவது அதுதான், சில மதர்போட்டில் டிஓசிபி என்றும் ஏ-எக்ஸ்எம்பி என்றும் பேர் மாறும், முதலாவது புரொஃபைலைத் தெரிந்து சேவ் பண்ணும். ரேமுக்குப் போகும் வோல்ட்டேஜ் 1.2இல் இருந்து 1.35 ஆகும், அந்தத் துண்டை விற்றவர்கள் அதற்கென்றே எழுதி வைத்த அளவுதான், பயமில்லை. 5600க்கு ஏஎம்டி சொல்லும் ரேம் வேகமும் 3200தான்.

சேவ் பண்ணியவுடன் திரை கறுப்பாகி மெசின் இரண்டு மூன்று தரம் தானாக நின்று நின்று எழும்பலாம். ரேமைப் பழக்குகிறது. பதறிப்போய்ச் சுவிட்சை நிற்பாட்ட வேண்டாம், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாரும். பத்து நிமிடமாகியும் படம் வராவிட்டால் வயரைக் கழற்றி, மதர்போட்டில் உள்ள வட்டப் பற்றரியை எடுத்து ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போட்டால் பயோஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கூலரைக் கழற்றுவதில்தான் கனபேர் அழுதிருக்கிறார்கள், ஆகவே வடிவாக வாசியும். உம்முடையது போன்ற ஏஎம்4 சொக்கெட் புரொசசருக்கு ஊசிகள் எல்லாம் புரொசசரின் அடியிலேதான். கூலருக்கும் புரொசசருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசிய பழைய பேஸ்ட் இறுகிப்போய் இருக்கும், மெசின் குளிராக இருக்கும்போது கூலரை நேரே மேலே இழுத்தால் பூட்டிய சொக்கெட்டில் இருந்து புரொசசரும் சேர்ந்து பிடுங்குப்பட்டு வரும், ஊசி வளையும், பிறகு பூதக்கண்ணாடியும் குண்டூசியுமாக என்னிடம் வருவீர். பத்து நிமிடம் ஏதாவது ஓடவிட்டுச் சூடாக்கி, நிற்பாட்டி, வயரைக் கழற்றி, ஸ்குறூவை எடுத்த பிறகு கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, அது தானாக வழுக்கும்போது தூக்கும். பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பயறு அளவு வையும். புளோவரால் ஊதும்போது ஃபேனின் இதழைக் கையால் பிடித்துக்கொள்ளும், காற்றுக்குச் சுழலவிட்டால் பெயரிங் போய்விடும்.

இவ்வளவும் முடித்துவிட்டு வாரும், பிறகு ஓவர்குளொக் கதைப்போம்.


பாலைப்பழம்:

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன், விடுதியில் 5600தான் வைத்திருக்கிறேன், அதனால் புரொசசர் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

புழுதிவீதி அண்ணா, உங்கள் புரொசசர் 90இல் ஒட்டி நிற்கிறது என்றால் அது தற்செயல் இல்லை, 5600க்கு ஏஎம்டி வைத்த உச்ச வரம்பே 90 பாகை. அதைத் தொட்டவுடன் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். அதன் பூஸ்ட், அதாவது தானாக ஏறும் உச்ச வேகம், 4.4 வரைக்கும் போகும், உங்களுக்கு 3.8 வருகிறது. அதாவது சூடு உங்கள் வேகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது, இந்த நிலையில் வோல்ட்டேஜை ஏற்றினால் இன்னும் மெதுவாகத்தான் ஓடும்.

ஒரு சின்னக் கணக்கு. புரொசசர் குடிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்ட்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். 4.4இல் 1.2 வோல்ட்டில் ஓடுவதை 4.6க்குக் கொண்டுபோக 1.35 வோல்ட் தேவைப்பட்டது என்று வையுங்கள். வேகம் கூடியது நூற்றுக்கு நாலரை. மின்சாரம் கூடியது நூற்றுக்கு 32. அந்த 32ம் சூடாக உங்கள் தகரக் கூரைக்குக் கீழேதான் இறங்கும். அந்த யூடியூப்காரரின் அறை 22 பாகையாக இருக்கும், கூலரும் இரண்டு கையால் தூக்குகிற அளவில் இருக்கும். அறைச் சூடு ஏறுகிற அளவுக்குப் புரொசசர் சூடும் ஏறும், 22இல் 76 காட்டுவது 36இல் 90 காட்டும்.

இன்னொன்று, சூட்டைப் புரொசசர் தானே கவனித்துக்கொள்ளும், ஆனால் நீங்கள் கையால் பூட்டி வைத்த வோல்ட்டேஜை அது கவனிக்காது. 1.4 வோல்ட்டை எல்லாக் கோருக்கும் நாள் முழுக்கக் கொடுத்தால் உள்ளே உள்ள மெல்லிய உலோகத் தடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், ஒரே நாளில் எரியாது, ஆனால் இந்த வருடம் நின்ற வேகம் அடுத்த வருடம் நிற்காது.

நான் செய்திருப்பது தலைகீழ் வேலை. பயோஸில் ஏஎம்டி ஓவர்குளொக்கிங் என்ற மெனுவுக்குள் பிபிஓ இருக்கும், புரொசசர் தன் வேகத்தைத் தானே கூட்டும் விதத்தை மாற்றும் இடம் அது, அதை அட்வான்ஸ்ட் ஆக்குங்கள், லிமிட்டுகளைத் தொடாமல் ஓட்டோவில் விடுங்கள், அதாவது சொக்கெட்டுக்குப் போகும் மின்சாரம் வழமையான 76 வாட்டிலேயே நிற்கட்டும். கீழே கேர்வ் ஒப்டிமைசர் என்று இருக்கும், ஒவ்வொரு வேகத்துக்கும் கொடுக்கும் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இடம். ஓல் கோர்ஸ், நெகட்டிவ், 10 என்று போடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை குறையும். அதே 76 வாட்டுக்குள் வோல்ட்டேஜ் குறைந்தால் மிச்சத்தை வைத்து அது தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரு கிழமை பிரச்சினை இல்லாவிட்டால் 15, பிறகு 20. என்னுடையது 20இல் நின்றது, 25இல் விழுந்தது, உங்களுடையது எங்கே நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒவ்வொரு சிலிக்கனும் ஒவ்வொரு மாதிரி.

இதில் ஒரு கள்ளம் உண்டு. கேர்வ் கூடிப்போனால் ரெண்டரில் விழாது, சும்மா பாட்டுக் கேட்கும்போது விழும். எல்லாக் கோரும் ஓடும்போது வேகம் குறைவு, ஒரு கோர் மட்டும் ஓடும்போதுதான் அது உச்சத்துக்குப் பாயும், அங்கேதான் வோல்ட்டேஜ் போதாமல் போகும். ஆகவே எல்லாக் கோரையும் ஒன்றாக ஓட்டும் சினிபெஞ்ச் சோதனையை மட்டும் ஓட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், கோர்சைக்கிளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும், அதை ஒரு இரவு விடுங்கள்.

மெனுவே இல்லை என்றால் பயோஸ் பழசு. அப்டேட் செய்யும்போது மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள், நடுவில் கரண்ட் போனால் மதர்போட்டே போச்சு. 2022 பங்குனியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நேரம் எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன் அவசரப்பட்டுச் செய்து அனுபவித்தான்.

மறந்துவிட்டேன்: பிபிஓவைத் தொட்டால்கூட அதனால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி வாரண்டி தராது. பயோஸே ஒரு எச்சரிக்கையைக் காட்டி ஓம் சொல்லச் சொல்லிக் கேட்கும்.


நாலுதசம்ஏழு:

தங்கச்சி நல்லாத்தான் எழுதியிருக்கிறா, ஆனால் என்னுடையது ஒரு வருடமாக ஓடுகிறதே? எப்போதாவது கேம் விளையாடும்போது மாத்திரம் டக்கென்று ரீஸ்டார்ட் ஆகும், அது கரண்ட் பிரச்சினை. என் அறைக்கு ஏசி இருக்கிறது, கூலரும் பெரியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.


வாடைக்காற்று:

முல்லைத்தீவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தம்பி செய்கிற வேலையைத்தான் நானும் செய்கிறேன், அதனால் ரேம் விசயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்று வருடத்துக்கு முதல் ஒரு மார்கழியில் 3200 ரேமை 3733க்கு ஏற்றினேன். வோல்ட்டேஜ் 1.45. வெளியே மழை, அறை குளிர், ஒரு மணிநேரம் சோதித்தேன், பிழை வரவில்லை, பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன். விண்டோஸ் விழவில்லை, நீலத் திரை வரவில்லை, எல்லாம் நல்லபடியே போனது. சித்திரை வெயில் வந்தது. ஒரு கலியாணவீடு எடுத்துவந்து கார்டில் இருந்ததை ஹாட்டிஸ்க்கில் கொப்பி பண்ணி, கார்டை அடுத்த நாள் வேலைக்கு ஃபோர்மட் பண்ணிவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடிட் பண்ணத் திறந்தால் படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. வீடியோவில் சரியாகத் தாலி கட்டும் இடத்தில் பச்சைச் சதுரங்கள்.

கார்டில் இருந்து டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ரேமுக்குள்ளால்தான் போகும். அங்கே ஒரு பிட் புரண்டால் புரண்டபடியே எழுதப்படும், மெசின் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. புரொசசர் ஓவர்குளொக் பிழைத்தால் மெசின் விழும், உங்களுக்குத் தெரிந்துவிடும். ரேம் பிழைத்தால் மெசின் சிரித்துக்கொண்டே இருக்கும். அந்த வீட்டாருக்கு நான் சொன்ன சமாதானத்தை இங்கே எழுத விருப்பமில்லை, காசு திருப்பிக் கொடுத்தது சின்ன விசயம்.

இப்போது என் பழக்கம் இது. ரேமில் எதை மாற்றினாலும், வெறும் எக்ஸ்எம்பி என்றாலும், மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஒரு பென் டிரைவில் போட்டு அதில் இருந்து பூட் பண்ணி நான்கு சுற்றும் ஓடவிடுவேன், இலவசப் பதிப்பு நான்கு சுற்று தரும், 16 ஜிபிக்கு இரவு விட்டால் விடியக் காணலாம். பிறகு விண்டோஸுக்குள் ஓசிசிடி என்ற மென்பொருளின் மெமரிச் சோதனை, அதை வேண்டுமென்றே பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கு, அறை கொதிக்கும்போது போடுவேன். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒண்டுதானே" என்று விடுகிற விசயமில்லை. மாரியில் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்கிறவன் சித்திரையில் அழுவான், நான் அழுதிருக்கிறேன். கார்டை இரண்டாவது கொப்பி எடுக்காமல் ஃபோர்மட் பண்ணுவதும் இல்லை.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும், ஏற்றுமதி பண்ணும்போது ஹார்ட்வேர் என்கோடிங், அதாவது கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வீடியோவைச் சுருக்குவது, போடுகிறீரா? பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் 2 பாஸ் (வீடியோவை இரண்டு தரம் ஓடிச் சுருக்கும் முறை) தெரிந்தால் அது கிடைக்காது, முழுவதும் புரொசசர் தலையில்தான் விழும். வீட்டாருக்குப் பார்க்க அனுப்பும் முதல் கொப்பிக்கு 1650இன் என்கோடரே தாராளம். கடைசிக் கொப்பியை மட்டும் நான் சொஃப்ட்வேரில் எடுப்பேன்.


மல்லாவிப்பக்கம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என்னிடம் ஐ5 10400, எச்410 மதர்போட். இதையெல்லாம் நானும் செய்யலாமா?


கச்சான்பொதி:

இல்லை ஐயா. இன்டெலில் மல்டிபிளையரை ஏற்ற பேரின் முடிவில் கே இருக்க வேண்டும், மதர்போட்டும் இசட் வகையாக இருக்க வேண்டும். உங்களுடைய சோடியில் ரேமும் 2666க்கு மேல் போகாது. ரேம் இரண்டு துண்டாக இரண்டு சானலிலும் இருக்கிறதா என்று பாருங்கள், புழுதியைத் தட்டுங்கள், ஒரு எஸ்எஸ்டி இல்லாவிட்டால் அதை வாங்குங்கள். அவ்வளவுதான் உங்களுக்கு.


புழுதிவீதி:

எல்லோருக்கும் மெத்தப் பெரிய நன்றி. ஒரு கிழமை எடுத்தேன், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அதே வீடியோவைப் போட்டுப் பார்த்தேன், எழுதியும் வைத்திருக்கிறேன்.

முதலில் 58 நிமிடம். கூலரைக் கழற்றித் துப்புரவாக்கிப் பேஸ்ட் மாற்றியதும் (சூடாக்கித்தான் திருகினேன் அண்ணை, இருந்தும் கை நடுங்கியது) 52. சூடு 90இல் இருந்து 84க்கு இறங்கியது. ரேமை இடம் மாற்றி எக்ஸ்எம்பி போட்டதும் 45. அந்த நேரம் திரை கறுப்பாகி மூன்று தரம் நின்று எழும்பியது, தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை, குசினி வாசலில் நின்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். மெம்டெஸ்ட் நான்கு சுற்றும் பிழையில்லை. கேர்வ் ஒப்டிமைசர் நெகட்டிவ் 15 போட்டு 43, சூடு 79, வேகம் 4.3க்குக் கிட்ட நிற்கிறது. 20 போட்டேன், ரெண்டர் எல்லாம் நன்றாகப் போய், இரவு சும்மா கிடந்த மெசின் தானாக ரீஸ்டார்ட் ஆனது, பாலைப்பழம் தங்கச்சி சொன்னபடியே. 15க்குத் திரும்பிவிட்டேன்.

வாடைக்காற்று அண்ணை கேட்டது உண்மை, நான் 2 பாஸ்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஹார்ட்வேருக்கு மாற்றியதும் வந்த எண்ணை எழுதினால் மேலே உள்ளவை எல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 17 நிமிடம்.

எர்த் போட்டாயிற்று. அம்மா இப்போது கேசிங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறா.

இனி ஒரு கேள்வி மட்டும்: ரேமை 3600க்குக் கொண்டுபோனால் இன்னும் ஏதாவது மிஞ்சுமா?


கச்சான்பொதி:

மிஞ்சும், ஆனால் கொஞ்சம். உம்முடைய துண்டு 3200 சிஎல்16 (சிஎல் என்பது காத்திருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை) என்றால், தரவு கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் 10 நனோசெக்கன். 3600க்கு ஏற்றி நிற்கச் செய்ய சிஎல்18 ஆக்க வேண்டிவரும், கணக்குப் போட்டால் அதுவும் அதே 10. பாதை அகலம் நூற்றுக்கு 12 கூடும், காத்திருப்புக் குறையாது. ரைசனுக்குள் இன்பினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை ரேமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓட வேண்டும், ரேமின் உண்மைச் சுற்று எழுதிய எண்ணில் பாதிதான், ஆகவே 3200க்கு அது 1600, 3600க்கு 1800. 5600க்கு 1800 பெரும்பாலும் சிக்கலில்லாமல் வரும், அதற்கு மேலே போவது அதிர்ஷ்டம்.

செய்து பார்க்க விருப்பம் என்றால் ரேம் வோல்ட்டேஜை 1.4க்கு மேல் விடாமல், எஸ்ஓசி வோல்ட்டேஜை (புரொசசருக்குள் ரேமோடு பேசும் பகுதிக்குப் போவது) கையால் 1.1 என்று வைத்துச் செய்யும், ஓட்டோவில் விட்டால் சில மதர்போட்கள் தாராளமாகக் கூட்டிக் கொடுத்துவிடும். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசசர்கள் சில எரிந்ததற்கு இந்த எஸ்ஓசி வோல்ட்டேஜ்தான் காரணமாகப் பேசப்பட்டது, பிறகு ஏஎம்டி அதை 1.3க்கு மேல் போகாமல் பூட்டியது. அது ஏஎம்5, உம்முடையது ஏஎம்4, இருந்தாலும் பாடம் ஒன்றுதான்.

ஏற்றிய பிறகு, விண்டோஸ் பிழைகளை எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பக்கத்தில் டபிள்யூஎச்இஏ லொகர் என்று தேடும். 19 என்ற இலக்கத்தோடு வந்தால் மெசின் பிழையைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் அந்த ஃபேப்ரிக் பாதை வேகம் கூடிப்போனது. 18 என்று வந்தால் திருத்த முடியாமல் விழுந்து எழும்பியிருக்கிறது.

என்னைக் கேட்டால் 3200இல் விடும். மிஞ்சுகிற காசுக்கு அந்தப் பவர் சப்ளையை மாற்றும். 76 வாட் புரொசசருக்கும் 75 வாட் கார்டுக்கும் 500 வாட் தேவையே இல்லை, ஆனால் கேசிங்கோடு வருவதன் ஸ்டிக்கரை வாசித்துப் பாரும், 200 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் பின்னேரம் லைன் இறங்கும்போது அது திணறும். 100 முதல் 240 என்று உள்ளதாக, பேர் தெரிந்த 450 வாட் ஒன்று போதும்.


புழுதிவீதி:

200-240 என்றுதான் இருக்கிறது அண்ணை. அடுத்த கலியாணவீட்டுக் காசு வந்ததும் மாற்றுகிறேன். 3600ஐ விட்டுவிட்டேன், தாலி கட்டும் கதையைக் கேட்ட பிறகு கை போகவில்லை.


நாலுதசம்ஏழு:

கச்சான் அண்ணை, அந்த ஈவென்ட் வியூவரை நானும் சும்மா திறந்து பார்த்தேன். 18 என்று பதினொன்று கிடக்கிறது. எல்லாம் கேம் விளையாடும்போது ரீஸ்டார்ட் ஆன நாட்கள்.


கச்சான்பொதி:

கரண்ட் பிரச்சினை என்றீர்.


நாலுதசம்ஏழு:

விடுங்கோ அண்ணை. இப்போது என்ன செய்ய?


கச்சான்பொதி:

பயோஸில் எல்லாவற்றையும் டிஃபோல்டுக்குக் கொண்டுவந்து எக்ஸ்எம்பி மட்டும் போட்டு இரண்டு கிழமை ஓட்டிப் பாரும். 18 இனி வராவிட்டால் புரொசசர் தப்பிவிட்டது, பிறகு பாலைப்பழம் சொன்ன வழியில் வாரும். வந்தால் மெசினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஆறு மணி வரைக்கும் கடை திறந்திருக்கும். வரும் வழியில் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கிக்கொண்டு வாரும்.